கரி பற்றும் முன்பே வந்த புகை

ஓய்வு பெற்றவளிடம் பேச்சுக் கொடுத்தால் வீடு போய்ச் சேர முடியாது என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு நான் சொல்லப் போவது சீட்டுக்கட்டு அளவுள்ள ஒரு கணினியைப் பற்றி. அதை நினைத்தாலே இன்னமும் என்னால் ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்க முடிவதில்லை. ஆகவே, இந்த வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் கேளுங்கள். முணுமுணுத்தவர் முன்வரிசைக்கே வந்துவிடலாம்.

நான் சரோஜா. மாத்தளை டவுனில் ஒரு தர்ம நிறுவனம் நடத்தும் இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் மின்சாரம், இயந்திரங்கள், கணினிகள் எல்லாவற்றுக்கும் பொறுப்பாக இருந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். சிறுநீரகம் வேலை செய்யாதவர்கள் வாரத்தில் இரண்டு நாள் அங்கே வருவார்கள். சாய்வு நாற்காலியில் நான்கு மணித்தியாலம் படுத்திருப்பார்கள். இரத்தம் குழாய் வழியாக இயந்திரத்துக்குப் போய், சுத்தமாகி உடம்புக்குத் திரும்பும். ஒரு தடவை தவறினால் அடுத்த நாளே கால் வீங்கும், மூச்சு முட்டும். இரண்டு தடவை தவறினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்த மண்டபத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அறை. நோயாளிகளின் விவரங்கள் இருக்கும் சேர்வர் அங்கேதான். கரண்ட் போனால் இயந்திரங்களைத் தாங்கிப் பிடிக்கும் யூபிஎஸ், அதன் பேட்டரிகள் வரிசை வரிசையாக, இவையும் அங்கேதான். ‘பேட்டரி ரூம்’ என்போம். எப்போதும் ஏசி ஓடும், கதவு ரப்பர் பட்டையோடு இறுக மூடியிருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. இதற்கென்று கம்பனிகள் விற்கும் கண்காணிப்புக் கருவிக்கு ஒரு முறை விலை கேட்டோம். எங்கள் நிர்வாகி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு விலையைப் பார்த்தார். விலை குறையவில்லை.

அப்போதுதான் ரிஸ்வான் அந்தக் குட்டிக் கணினியைக் கொண்டுவந்தான். ரிஸ்வான் எனக்கு அடுத்த பொறுப்பில் இருந்தவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவன் குடும்பம் டவுனில் தலைமுறை தலைமுறையாக மிளகு, கிராம்பு வியாபாரம் செய்கிறது. கண்டியில் வாங்கிய அந்தக் கணினிப் பலகையை, வாப்பாவின் கடையில் மிளகாய்த்தூள் நிரப்பும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றுக்குள் வைத்து, மூடியில் துளை போட்டு வயர்களை வெளியே எடுத்திருந்தான். ஒரு வயரின் நுனி சூட்டைப் பார்க்கும். ஒன்று புகையைப் பார்க்கும். இன்னொன்று தரையில் தண்ணீர் தேங்கினால் சொல்லும். ஏதாவது கோளாறு என்றால் எங்கள் இருவரின் போனுக்கும் குறுஞ்செய்தி வரும். நான் டப்பாவை முகர்ந்து பார்த்தேன், தும்மல் வந்தது.

“மிஸ், இது தூங்காது, டீ குடிக்கப் போகாது, லீவு கேக்காது,” என்றான்.

“தும்ம வைக்கும்,” என்றேன்.

இன்னொரு வேலையும் செய்திருந்தான். போன் சார்ஜ் செய்யும் சிறிய பவர் பேங்க் ஒன்றையும் ஒரு சிம் கார்டையும் டப்பாவோடு சேர்த்திருந்தான். எதற்கு என்று கேட்டேன். “அந்த ரூம்ல கரண்ட் செத்தாலும் இது உயிரோட இருக்கணும் மிஸ். வீடு எரியும்போது காவல்காரன் வீட்டுக்குள்ளயே மயங்கிக் கெடந்தா யாருக்குப் பிரயோசனம்?” என்றான். நான் அவனைத் தோளில் தட்டினேன். எவ்வளவு நல்ல யோசனை என்று அப்போது எனக்கு முழுதாக உறைக்கவில்லை.

முதல் வாரத்திலேயே டப்பா தன் வேலையைக் காட்டியது. ஏசியின் வடிகுழாய் அடைத்து, தண்ணீர் பேட்டரி அடுக்கின் கீழே ஊர்ந்து போய்க்கொண்டிருந்ததை எங்கள் இருவருக்கும் அது சொன்னது. ஓடிப்போய்த் துடைத்தோம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பார்க்க வந்தவர்களையெல்லாம் இழுத்துப் போய் அந்த மிளகாய்த்தூள் டப்பாவைக் காட்டினேன். புதுப் பிள்ளை பிறந்த வீடுபோல இருந்தது எங்கள் பகுதி.

இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை வந்தது. அங்கேதான் சிக்கல்.

மாத்தளையில் வெள்ளிக்கிழமை என்றால் உங்களுக்குத் தெரியும். நண்பகல் நெருங்கும்போது எங்கள் இடத்து முஸ்லிம் ஆட்கள் ஜும்மா தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். அதே வேளையில் துப்புரவுப் பகுதிக்குப் பொறுப்பான பார்வதி, தூபக்காலில் சிரட்டைக் கரியைப் பற்றவைத்து, சாம்பிராணி போட்டு, நடைபாதை, அலுவலகம், களஞ்சியம் என்று ஒவ்வோர் இடமாகக் காட்டிக்கொண்டு வருவார். நோயாளிகள் இருக்கும் மண்டபத்துக்கு மட்டும் அனுமதி இல்லை. ஆனால் பேட்டரி ரூமை அவர் விட்டதே இல்லை. “வெல கூடின சாமானெல்லாம் அங்கதானுங்க இருக்கு. அதுக்குத்தான் மொதல்ல காட்டணும்,” என்பார். நிலையம் திறந்த நாளிலிருந்து வழக்கம். நிறுவனத்தின் பெரியவர்களுக்கும் அதில் திருப்தி. யாரும் குறுக்கே நிற்கவில்லை.

டப்பாவுக்கு வெள்ளிக்கிழமை தெரியுமா? புகை கண்டது. அலறியது. அப்போது மண்டபத்தில் ஒரு சைரனையும் இணைத்திருந்தோம். அது ஊரையே கூட்டியது. தாதிமாரின் பொறுப்பாளரான சிஸ்டர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. பின்சுவருக்குப் பக்கத்தில் இருந்த நோயாளிகளின் இரத்தத்தை உடம்புக்குத் திருப்பி, குழாயைக் கழற்றி, வெளியே கொண்டுபோனார். நான் கதவைத் திறந்தால், உள்ளே பார்வதி கண்ணைத் துடைத்துக்கொண்டு தூபக்காலோடு நிற்கிறார்.

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரைத் தவிர. பல்லேகம கிராமத்திலிருந்து வரும் குணபால ஐயா. விவசாயி. செவ்வாயும் வெள்ளியும் விடியுமுன் புறப்படும் பஸ்ஸில் ஏறி வருகிறவர். அன்று அவருக்குப் பாதிச் சுத்திகரிப்புத்தான் ஆகியிருந்தது. மறுபடி தொடங்க இடமில்லை, அடுத்த குழு காத்திருந்தது. பாதியோடு வீட்டுக்குப் போனார். அடுத்த முறை வரும்போது முகம் ஊதி, கால் இரண்டும் வீங்கி, இரண்டு இரவு சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். யாரையும் திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நிர்வாகி என்னைக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை முற்பகல் சைரன் அடிக்கக் கூடாது, போனுக்குச் செய்தி வந்தால் போதும் என்று உத்தரவு. இன்னொரு முறை சாம்பிராணிக்காக ஒரு நோயாளியை எழுப்பினால் டப்பா குப்பைக்குப் போகும் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் போன் கிணுகிணுக்கும். பதிவு மேசையில் இருப்பவர் “சாம்பிராணி மணி அடிச்சிருச்சு” என்பார். நாங்கள் தேநீரைக் கையில் எடுப்போம். அந்த நேரத்தில் அறையின் சூடும் கொஞ்சம் ஏறுவதைக் கவனித்தோம். பார்வதி கதவைத் திறந்து போவதால் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். ஒரு காரணம் கையில் இருந்தால் இன்னொரு காரணத்தைத் தேடும் பழக்கம் மனிதருக்கு இல்லை. நம் தொழிலில் இதைவிடப் பெரிய ஆபத்தை நான் பார்த்ததில்லை, தங்கச்சிமாரே, தம்பிமாரே.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

முதல்நாள் பூராவும் மழை. காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. மண்டபம் நிறைந்திருந்தது. குணபால ஐயா வழக்கம்போலப் பின்சுவரோரம் இருந்த நாற்காலியில். ரிஸ்வான் தொப்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, “மிஸ், நான் பள்ளிக்குப் போறேன். போனை ஓஃப் பண்ணித்தான் வைப்பேன். நீங்க பாத்துக்கோங்க,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

கொஞ்ச நேரத்தில் என் போன் கிணுகிணுத்தது. புகை. “அடிச்சிருச்சு மணி,” என்றார் பதிவு மேசைக்காரர். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுபடி கிணுகிணுப்பு. புகை கூடியிருந்தது, சூடும் கூடியிருந்தது. இன்றைக்குப் பார்வதி கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டார் போல என்று நினைத்தபடி தேநீரை ஒரு வாய் குடித்தேன்.

அப்போது பின்பக்கத்திலிருந்து பார்வதி வந்தார். இடது கையில் தூபக்கால். வலது கையில் ஒரு அட்டைத் துண்டு. விசிறி விசிறி அலுத்த முகம்.

“என்ன பார்வதி, இன்னைக்குப் பலமோ?” என்று கேட்டேன்.

“எங்கங்க மிஸ் பலம்? நேத்து மழையில கரிச் சாக்கு நனைஞ்சிருச்சு. எவ்வளவு நேரமா விசிறிக்கிட்டு நிக்கிறேன், இன்னும் கரியே புடிக்கல.”

தூபக்காலைப் பார்த்தேன். கரி கறுப்பாகக் கிடந்தது. ஒரு பொறி இல்லை. நடைபாதையில் சாம்பிராணி வாசம் இல்லை. கையில் போன் மூன்றாவது தடவை கிணுகிணுத்தது.

தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தேன்.

“பேட்டரி ரூமுக்குப் போனீங்களா?”

“போனேங்க. ஏசியை அமத்திட்டு வந்தேன். ஏசி ஓடுச்சின்னா பொகை நிக்காதில்ல. எப்பவும் அமத்திட்டுத்தான் காட்டுவேன். காட்டி முடிச்சதும் போட்ருவேன்.”

“எப்ப அமத்தினீங்க?”

“ரிஸ்வான் தம்பி பள்ளிக்குக் கெளம்ப முந்தியேங்க. அதுக்குள்ள கரி புடிச்சிரும்னு பாத்தேன்…” சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

ஏசி இல்லாத மூடிய அறை. வெயில் அடிக்கும் கூரை. உள்ளே இடைவிடாமல் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பேட்டரிகள். சூடு ஏறினால் பேட்டரி இன்னும் அதிகமாகக் கரண்டை இழுக்கும், இழுக்க இழுக்க இன்னும் சூடாகும். வயதான பேட்டரி ஒன்று இருந்தால் அது முதலில் ஊதும், உருகும், மற்றதையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். அந்த அறைக்கும் குணபால ஐயாவின் தலைக்கும் இடையில் ஒரு செங்கல் அகலச் சுவர்தான்.

ஓடினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் ஓடியதை அங்கே யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. கதவில் உள்ளங்கையை வைத்தேன். எப்போதும் குளிர்ந்திருக்கும் அந்தக் கதவு வெதுவெதுப்பாக இருந்தது. பிடியில் கை போனது. திறந்து பார்த்துவிட வேண்டும் என்று கை துடிக்கிறது. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். உள்ளே என்ன வாயு சேர்ந்திருக்கிறதோ, திறந்தால் காற்றுப் புகுந்து என்ன ஆகுமோ. பார்க்க வேண்டும் என்ற ஆசையில் கதவைத் திறக்காதீர்கள். உள்ளே நமக்காக அந்தக் காவல்காரன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனை எதற்கு வைத்தோம்?

நிர்வாகியைப் போனில் பிடித்தேன். அவர் கண்டியில் ஒரு கூட்டத்தில் இருந்தார்.

“மிஸ் சரோஜா, இன்னைக்கு வெள்ளிக்கிழமை,” என்றார்.

“தெரியும் சார். இது சாம்பிராணி இல்ல.”

“தீயைப் பாத்தீங்களா?”

“பாக்கல.”

“அப்ப நிதானமா செய்யுங்க. போன தடவை மாதிரி ஆயிறக் கூடாது.”

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் வீங்கிய அந்தக் கால்கள் ஞாபகம் இருந்தன. ஆனால் நிதானமாக இருப்பதற்கு அங்கே நேரம் இல்லை. தீயணைப்புக்குச் சொல்லுங்கள் என்று பதிவு மேசைக்காரரிடம் கத்திவிட்டு மண்டபத்துக்குள் போனேன்.

சிஸ்டரும் நானும் எப்போதும் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம். “எல்லோரையும் கழற்ற வேண்டும்,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “நிச்சயமாகத் தெரியுமா?”

“தீயை நான் பார்க்கவில்லை. உள்ளே புகை இருக்கிறது, சூடு ஏறுகிறது, பார்வதி இன்னும் கரியைப் பற்றவைக்கவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.”

இதைத் திரும்பத் திரும்ப உங்களுக்குச் சொல்வேன். நெருக்கடியில் மற்றவரைச் சம்மதிக்க வைப்பதற்காகத் தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதீர்கள். தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துக் கையில் கொடுங்கள். சிஸ்டர் மாதிரி ஆளுக்கு அது போதும். அவர் மூச்சை ஒரு தடவை இழுத்துவிட்டு, “பின்வரிசையிலிருந்து தொடங்குங்கள்,” என்று தாதிமாருக்குக் குரல் கொடுத்தார்.

பேட்டரிகளுக்கு மேலும் சார்ஜ் ஏறாதபடி நான் உடனே யூபிஎஸ் மின்சாரத்தை அறுத்துவிடத் துடித்தேன். பெரிய சுவிட்ச் நடைபாதைச் சுவரில், அறைக்கு வெளியேதான் இருந்தது. சிஸ்டர் கையை நீட்டித் தடுத்தார். இத்தனை பேரின் இரத்தம் குழாய்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. கரண்டை நிறுத்தினால் இயந்திரங்கள் தங்கள் சின்ன பேட்டரியில் கொஞ்ச நேரம் தாங்கும், அதற்குள் எல்லோரையும் முடிக்கப் போதிய கைகள் இல்லை. “எனக்கு எவ்வளவு நேரம் தருவாய்?” என்று கேட்டார்.

பாருங்கள், அந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே ஒருவனால்தான் பதில் சொல்ல முடியும். மூடிய கதவுக்குப் பின்னால், மிளகாய்த்தூள் டப்பாவுக்குள் உட்கார்ந்திருந்தான் அவன்! நான் போனைப் பிடித்துக்கொண்டு சுவிட்ச் அருகே போய் நின்றேன். சூடு நாற்பதைத் தாண்டியிருந்தது. ஆனால் சீராக ஏறியது, தாவவில்லை. தாவத் தொடங்கினால் யார் என்ன நிலையில் இருந்தாலும் அறுத்துவிடுவேன் என்று கத்தினேன். “அதுவரை அறுக்காதே,” என்று உள்ளேயிருந்து சிஸ்டர் திருப்பிக் கத்தினார். இப்படி ஓர் ஒப்பந்தத்தை நான் வாழ்க்கையில் யாரோடும் செய்ததில்லை.

முதலில் குணபால ஐயா. திறந்திருந்த வாசல் வழியே அவரைப் பார்த்தேன். தாதி அவர் கையைத் தொட்டதும் விஷயம் புரிந்துவிட்டது. “மறுபடியுமா?” என்று சிங்களத்தில் கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். “ஐயா, இந்தத் தடவை பொய்யாக இருந்தால் அந்தப் பெட்டியை நானே உடைக்கிறேன்,” என்றேன். அவர் கையை நேராக நீட்டிக் கொடுத்தார்.

ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பார்வதி ஒருவரைத் தோளில் தாங்கி முற்றத்தில் விட்டுவிட்டு அடுத்தவருக்கு ஓடி வந்தார். அழுதுகொண்டே ஓடினார், ஆனால் ஒரு தடவைகூடக் கால் தடுமாறவில்லை. நான் எண்களை உரக்க வாசித்துக்கொண்டே இருந்தேன். யாருக்காக வாசித்தேன் என்று தெரியாது, நிறுத்தினால் பயந்துவிடுவேன் போலிருந்தது. சூடு ஐம்பதைத் தொட்டது. புகை அளவு மேலே மேலே போனது. கடைசி நாற்காலியில் இருந்தவரைச் சிஸ்டரே கையைப் பிடித்து எழுப்பி, வாசலுக்கு வந்து, எனக்குத் தலையசைத்தார்.

இரண்டு கையாலும் சுவிட்சை இழுத்து விட்டேன்.

மின்விசிறிகள் நின்றன. இயந்திரங்களின் முனகல் நின்றது. அந்தக் கட்டடத்தில் எதுவுமே ஓடாத ஓர் அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சேர்வர் செத்தது, உள்ளே விளக்குச் செத்தது. என் கையில் போன் கிணுகிணுத்தது. டப்பா உயிரோடு இருந்தது! ரிஸ்வானின் பவர் பேங்க்! இருட்டில், புகைக்கு நடுவில், அது எனக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. நான் அந்தப் போனை முத்தமிட்டேன் என்று பிறகு சொல்லிச் சிரித்தார்கள். முத்தமிட்டேன்தான்.

எண் இன்னும் ஏறியது. சார்ஜ் ஏறுவதை நிறுத்தியாயிற்று, பின்னும் ஏன் ஏறுகிறது? உள்ளே இருந்த சூடு அவ்வளவு சுலபத்தில் அடங்குமா. மறுபடி ஏறியது. பிறகு அதே இடத்தில் நின்றது. நானும் சிஸ்டரும் ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். அடுத்த செய்தி. ஒரு பாகை குறைவு. அதற்கடுத்ததில் இன்னும் குறைவு.

“இறங்குது! இறங்குது!” என்று நான் தமிழில் கத்த, சிஸ்டர் சிங்களத்தில் கத்த, முற்றத்தில் இருந்தவர்கள் எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்கள்.

தீயணைப்பு வண்டியும் ரிஸ்வானும் ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தார்கள். அவன் தொப்பியைக் கழற்றக்கூட மறந்து ஓடி வந்திருந்தான். தீயணைப்புக்காரர்களின் தலைவர் என்னிடம் முதலில் கேட்டது, உள்ளே எப்படி இருக்கிறது என்றுதான். போனை நீட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, சூடு இன்னும் இறங்கட்டும் என்று கதவைத் திறக்காமல் காத்திருந்தார். பிறகு முகமூடி போட்டுக்கொண்டு திறந்தார்கள். அழுகிய முட்டை நாற்றம் முற்றம் வரை வந்தது. பின்சுவரோரம் இருந்த பேட்டரிகள் நான்கு பலூன்போல ஊதியிருந்தன. ஒன்றின் உறை உருகி வழிந்து, பக்கத்து வயரின் தோல் கருகிக் கம்பி தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் பொறி பறந்திருக்கும் என்றார் அந்தத் தலைவர். அதைக் கேட்ட பிறகுதான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

ரிஸ்வான் கரி படிந்த டப்பாவைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்தான். மூடி வளைந்திருந்தது. “இன்னும் ஓடுது மிஸ்,” என்றான். கண் கலங்கியிருந்தது. புகையால் என்று சொல்லிக்கொண்டான்.

நிர்வாகி கண்டியிலிருந்து வந்தபோது பிற்பகல். அறையைப் பார்த்தார். பிறகு, “ஏசியை அணைச்சது யாரு?” என்று கேட்டார்.

நாங்கள் யாரும் வாய் திறக்க முந்தியே பார்வதி முன்னால் வந்தார். “நான்தானுங்க சார்.”

அவர் முகம் சிவந்தது. இனி இந்த அம்மா இங்கே வேலைக்கு வரத் தேவையில்லை என்று தொடங்கினார். எனக்கும் கோபம் வந்தது. நான் கோபக்காரி, அதுவும் இந்த மாவட்டத்துக்கே தெரியும்.

“சார், இன்னைக்கு நான் இவங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டேன். கரி புடிக்கலன்னு சொன்னாங்க. வேலை பிந்திப்போச்சேன்னு பயந்து, ‘காட்டி முடிச்சிட்டேன் மிஸ்’னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாங்கன்னா நான் அந்த டீயைக் குடிச்சு முடிச்சிருப்பேன். இப்ப நீங்க யாரோட பேசிக்கிட்டு நிப்பீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. உண்மை சொன்னவங்களை வீட்டுக்கு அனுப்பினா, அடுத்த தடவை நான் கேக்கும்போது எனக்கு யாரு சார் உண்மை சொல்லுவா?”

அவர் மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டு பார்வதியைப் பார்த்தார். “இனிமே அந்த ரூமுக்குள்ள யாரும் போறதா இருந்தா மிஸ்ஸுக்குச் சொல்லிட்டுத்தான் போகணும்,” என்றார். ஏசி சுவிட்சுக்குப் பூட்டுப் போடச் சொன்னார். பார்வதியின் வேலையைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. பார்வதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார். இப்போதும் அவர் அங்கேதான் இருக்கிறார்.

புதியவர்களே, நீங்கள் மலிவான கருவியா விலை கூடியதா என்று என்னிடம் கேட்பீர்கள். இரண்டும் அளக்கும், இரண்டும் அனுப்பும். அந்தச் செய்தி வரும்போது எழுந்து போய் ஒரு மனிதரிடம் ஒரு கேள்வி கேட்பீர்களா என்பதுதான் விஷயம். அன்று நான் எழுந்து போகக்கூட இல்லை, பார்வதி தானாக என் முன்னால் வந்து நின்றார். அதை நினைத்து நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். யாருக்கு என்று கேட்டால், எல்லோருக்கும்தான்.

ஆனால் அன்றைக்கு எனக்கு மிச்சமிருந்த கவலை வேறு. முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்குச் சுத்திகரிப்பு முடிந்திருக்கவில்லை. ரிஸ்வானும் மின்வேலைக்காரர் ஒருவரும் யூபிஎஸ்ஸைத் தொடாமல் வெளிக் கரண்டை நேரே மண்டபத்துக்கு எடுத்தார்கள், பின்னால் ஜெனரேட்டரைத் தயாராக நிறுத்தினார்கள். பின்சுவரோரம் இருந்த இடத்தை விட்டுவிட்டு, முன்பக்க இயந்திரங்களை மட்டும் சிஸ்டர் ஒவ்வொன்றாகச் சோதித்தார். புதுக் குழாய்கள் போட்டார். மறுபடி தொடங்க முடியுமா என்று கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவராகவே திரும்பி, வாசலைப் பார்த்து, “குணபால ஐயா, வாருங்கள்,” என்றார்.

தாதிமார் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. வேலை நேரம் முடிந்ததை யாரும் பேசவில்லை. நான் மண்டபத்தின் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அவருடைய இயந்திரத்தில் ஓடும் நிமிடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை அவர் கண்ணைத் திறந்து, “வீட்டுக்குப் போகவில்லையா?” என்று கேட்டார். போகிறேன் என்றேன். போகவில்லை. இயந்திரம் முடிந்ததற்கான மணியை அடித்தபோது, அந்தச் சின்னச் சத்தத்துக்கு என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நிர்வாகி ஒரு ஓட்டோவைக் கூப்பிட்டு, பஸ் நிலையம் வரை அவரைக் கொண்டுபோய் விடச் சொன்னார். நான் வாயில் வரை கூடப் போனேன். முகத்தில் வீக்கம் இல்லை. நடை சோர்வாக இருந்தது, ஆனால் நேராக இருந்தது. அவர் ஓட்டோவில் ஏறி உட்கார்ந்து, ஊசி போட்ட கையை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“மிஸ், செவ்வாய்க்கிழமை வருகிறேன்,” என்றார்.